பில்ட் லாகில் கல் பொறுக்குவது எப்படி?

சி மொழியில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு இன்ட் மாறியில், அதாவது கூட்டல் கழித்தல் குறியுள்ள முழு எண் வகையில், மைனஸ் ஒன்றை வையுங்கள். ஒரு அன்சைன்டு இன்ட் மாறியில், அதாவது குறியில்லாத எண் வகையில், ஒன்றை வையுங்கள். முதலாவது இரண்டாவதைவிடச் சிறியதா என்று கேளுங்கள். பள்ளிக்கூடக் கணக்குப்படி ‘ஆம்’ என்றுதான் வர வேண்டும். ஆனால் நிரல் ‘இல்லை’ என்று சொல்லும். ஒப்பிடுவதற்கு முன்னால் மைனஸ் ஒன்றும் குறியில்லாத எண்ணாக மாற்றப்படுகிறது. 32 பிட்டில் அது 4,29,49,67,295 ஆகிவிடும்.

நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலருக்கு இது தெரியும். அதற்குரிய ஆப்ஷனைப் போட்டிருந்தால், ‘குறியுள்ளதையும் குறியில்லாததையும் ஒப்பிடுகிறீர்கள்’ என்று ஒரு வார்னிங், அதாவது எச்சரிக்கை, கொடுக்கும். கொடுத்துவிட்டு நிரலையும் தயாரித்து நம் கையில் தந்துவிடும். பிழை என்றால் வேலை அங்கேயே நின்றுவிடும், திருத்தித்தான் ஆக வேண்டும். வார்னிங்குக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அதனால்தான் அது சேர்ந்துகொண்டே போகிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு பக்கைத் தேடி இரண்டு நாள் அலைந்தோம். கடைசியில் பழைய பில்ட் லாகை, அதாவது முழு நிரலையும் கம்பைல் செய்யும்போது வந்த செய்திகளின் பதிவை, திறந்து பார்த்தால், பக் இருந்த அதே வரியைச் சுட்டிக்காட்டி ஒரு வார்னிங். மூன்று வாரமாக ஒவ்வொரு ராத்திரி பில்டிலும் வந்திருக்கிறது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான வார்னிங்குகள் இருந்ததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. புலி வருது கதைதான். லாகைச் சுருக்கித் தரும் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்று உட்கார்ந்து படித்தது அதற்கப்புறம்தான்.

இந்தப் பிரச்சினைக்கு வயது அதிகம். 1978-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன், சி நிரல்களில் சந்தேகத்துக்குரிய இடங்களைக் காட்ட ‘லின்ட்’ என்ற கருவியை எழுதினார். துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் துணுக்குக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். லின்ட் தனியாகச் செய்த வேலையில் பெரும்பகுதியை இன்று கம்பைலரே செய்கிறது.

சரி, சுருக்குவதற்கு முதலில் படிக்கத் தெரிய வேண்டும். ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களும் ஒரே மாதிரிதான் எழுதும்: கோப்பின் பெயர், வரி எண், அந்த வரியில் எத்தனையாவது எழுத்து, ‘வார்னிங்’ என்ற சொல், செய்தி, கடைசியில் சதுர அடைப்புக்குறிக்குள் வார்னிங்கின் வகை. மேலே சொன்ன ஒப்பீட்டுக்கு வகைப்பெயர் ‘சைன்-கம்பேர்’. மைக்ரோசாஃப்டின் கம்பைலர் அதற்கு சி4018 என்று எண் கொடுக்கும். கிரெப், சார்ட், யுனிக் என்ற மூன்று கட்டளைகளையும் கோர்த்தால் வகைவாரியாக எண்ணிவிடலாம். பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிக்கல் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

எட்டு கோப்புகளை ஒரே நேரத்தில் கம்பைல் செய்யச் சொன்னால் எட்டின் பேச்சும் ஒன்றோடொன்று கலந்து வரும். ஒரு வார்னிங்கின் முதல் வரிக்கும் அதன் விளக்கக் குறிப்புக்கும் நடுவே வேறொரு கோப்பின் வார்னிங் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதைத் தவிர்க்கத்தான் 2013-இல் வந்த ஜிஎன்யூ மேக் 4.0 என்ற பில்ட் கருவி, ஒவ்வொரு வேலையின் வெளியீட்டையும் தனித்தனியே சேர்த்துவைத்துக் காட்டும் வசதியைக் கொண்டுவந்தது. நிஞ்சா என்ற இன்னொரு பில்ட் கருவி அதைத் தானாகவே செய்கிறது. இன்னொரு தொல்லை மேற்கோள்குறி. கணினியின் மொழி அமைப்பு யூடிஎஃப்-8 எழுத்துமுறையில் இருந்தால் ஜிசிசி மாறியின் பெயரை வளைந்த மேற்கோள்குறிக்குள் போடும், ‘சி’ எனப்படும் அடிப்படை மொழி அமைப்பில் நேரான குறிக்குள். இரண்டு கணினிகளின் லாகை ஒப்பிட்டால் ஒரே வார்னிங் இரண்டாகத் தெரியும்.

இங்கேதான் மையக் கேள்வி வருகிறது. இரண்டு வார்னிங்குகளை ‘ஒன்றுதான்’ என்று எப்போது சொல்வது? ஒரு ஹெடர் கோப்பில் ஒரு வார்னிங் இருக்கிறது, அந்த ஹெடரை 60 கோப்புகள் சேர்த்துக்கொள்கின்றன என்று வையுங்கள். லாகில் அது 60 முறை வரும். திருத்த வேண்டியது ஒரே இடம். கோப்பு, வரி, எழுத்து, வகை நான்கும் ஒத்துப்போனால் ஒன்றாக எண்ணு என்று சொல்லிவிட்டால் இது தீர்ந்துவிடும்.

ஆனால் நேற்றைய லாகோடு ஒப்பிடும்போது இதே விதி காலை வாரிவிடும். யாரோ கோப்பின் தலைப்பில் மூன்று வரி குறிப்பு எழுதினார் என்றால், கீழே 214-ஆம் வரியில் இருந்த வார்னிங் 217-க்கு இறங்கிவிடும். அந்தக் கோப்பில் இருக்கும் அத்தனை பழைய வார்னிங்கும் ‘தீர்ந்துவிட்டன’ என்றும், அதே எண்ணிக்கையில் ‘புதியவை வந்துவிட்டன’ என்றும் கருவி சொல்லும். அதனால் நல்ல கருவிகள் வரி எண்ணை நம்புவதில்லை. வார்னிங் சுட்டும் வரியையும் அதன் அக்கம்பக்கத்து வரிகளையும் எடுத்து, அதிலிருந்து ஒரு கைரேகை தயாரிக்கின்றன. பில்டுகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸின் வார்னிங்ஸ் பிளகின் செய்வது இதுதான். வரி இடம் மாறினாலும் கைரேகை மாறாது. பழையது எது, புதியது எது என்று அப்போதுதான் பெரும்பாலும் சரியாகச் சொல்ல முடியும்.

நேற்று 900, இன்று 12 என்று வந்தால் உடனே சந்தோஷப்படவும் கூடாது. மாறிய கோப்புகளை மட்டும் கம்பைல் செய்திருந்தால் மற்றவற்றின் வார்னிங் லாகிலேயே இருக்காது. ஒப்பிடுவதற்கு எடுக்கும் லாக் முழு பில்டுடையதாக இருக்க வேண்டும், ஆப்டிமைசேஷன் அளவும், அதாவது நிரலை வேகமாக்க கம்பைலர் எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதும், ஒன்றாக இருக்க வேண்டும். மதிப்பு கொடுக்கப்படாத மாறியைப் பற்றிய சில வார்னிங்குகளை, ஆப்டிமைசேஷன் போட்டால்தான் ஜிசிசியால் கண்டுபிடிக்கவே முடியும்.

அப்புறம் வரிசை. எண்ணிக்கைப்படி அடுக்கினால், பயன்படுத்தாத மாறிகளும் பழைய ஃபங்ஷன்களும்தான் பெரும்பாலும் மேலே வந்து உட்காரும். ஆபத்தானவை ஒன்றிரண்டாக அடியில் கிடக்கும். முறத்தில் அரிசியைப் போட்டால் நாம் அரிசியை எண்ணுவதில்லை, கல்லைத்தான் தேடுகிறோம். என் பட்டியலில் முதலிடம் மதிப்பு கொடுக்காத மாறி, எல்லை மீறும் அரே, மதிப்பைத் திருப்பித் தர வேண்டியிருந்தும் தராமல் முடியும் ஃபங்ஷன், அச்சிடும் வடிவத்தோடு பொருந்தாத மதிப்பு ஆகியவற்றுக்குத்தான். ஒன்றே ஒன்று இருந்தாலும் அது மேலே வர வேண்டும்.

கம்பைலர் சொல்லாததைச் சுருக்கத்தில் காட்ட முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாகத் திருத்திய ‘கோடூ ஃபெயில்’ பிழை நல்ல உதாரணம். ஒரு இஃப் நிபந்தனைக்குக் கீழே ‘கோடூ ஃபெயில்’ என்ற வரி, அதாவது ‘ஃபெயில் என்ற இடத்துக்குத் தாவு’ என்ற கட்டளை, தவறுதலாக இரண்டு முறை இருந்தது. இரண்டாவது, நிபந்தனை எதுவும் இல்லாமல் எப்போதும் ஓடியது. அதனால் பாதுகாப்பு இணைப்பில் சர்வரின் கையெழுத்தைச் சரிபார்க்கும் கடைசிப் படி நடக்காமலே ‘வெற்றி’ என்று பதில் போனது. கிளாங்கில் ‘டபிள்யூ-ஆல்’ (-Wall) என்ற ஆப்ஷன், ‘எல்லாம்’ என்ற பொருள் கொண்ட பெயர் இருந்தும், இதைக் காட்டவில்லை. எட்ட முடியாத வரிகளைக் காட்டும் ஆப்ஷனைத் தனியாகப் போட்டிருந்தால் காட்டியிருக்கும். ஏமாற்றும் இன்டென்டேஷனை, அதாவது வரிகளின் உள்தள்ளலை, பிடிக்கும் வார்னிங்கை 2016-இல் ஜிசிசி 6 சேர்த்தது. ஆகவே எந்தெந்த ஆப்ஷன்களோடு பில்ட் ஓடியது என்பதையும் சுருக்கத்தின் தலையில் எழுதிவைப்பது நல்லது.

எல்லா வார்னிங்கையும் பிழையாக்கிவிட்டால் என்ன என்று தோன்றும். 2021 செப்டம்பரில், லினக்ஸ் 5.15-க்கான வேலையின்போது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதைத்தான் செய்தார். பல கட்டமைப்புகளில் பில்ட் நின்றுபோனது. சில நாட்களிலேயே, சோதனை பில்டுகளில் மட்டும் அது தானாக இயங்கும்படி மாற்றிவிட்டார்.

நான் இப்போது பயன்படுத்தும் சுருக்கம் ஒரு திரைக்குள் அடங்கிவிடும். மேலே ஆப்ஷன்கள், முழு பில்டா என்ற தகவல். அடுத்து, நேற்று இல்லாமல் இன்று வந்தவை, கோப்பும் வரியும் நிரலின் அந்த ஒரு வரியுமாக. பிறகு ஆபத்தான வகைகளில் பழையவை. தீர்ந்தவை எத்தனை, மிச்சம் எத்தனை என்று கடைசியில் இரண்டு எண்கள். காலையில் டீ ஆறுவதற்குள் படித்து முடித்துவிடலாம். புதிதாக ஏதாவது வந்திருந்தால், அந்த வரியை நேற்று எழுதியவர் அதை இன்னும் மறந்திருக்க மாட்டார்.