ஏழு சுரங்களும் பன்னிரண்டு சுரங்களும்: மேற்கத்திய இசையில் ஆதார சுரம் நிலைகொள்ளும் விதம்

கர்நாடக இசைக் கச்சேரியில் ஆதார சட்ஜம் எது என்று கேட்பவர் தேட வேண்டியதில்லை. தம்புரா அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒலித்துக்கொண்டே இருக்கிறது. மேற்கத்திய செவ்வியல் இசையில் அவ்வாறு நிலையாக ஒலிக்கும் சுருதி கிடையாது. ஆயினும் மொசார்ட்டின் ஒரு சிம்பொனியைச் சில நொடிகள் கேட்டாலே, இசை எந்தச் சுரத்தில் போய் அமரும் என்பதைக் காது ஊகித்துவிடுகிறது. தம்புராவின் வேலையை அங்கே சுரங்களுக்கு இடையிலான உறவுகளே செய்கின்றன. அந்த உறவுமுறைக்குத்தான் டோனாலிட்டி என்று பெயர்.

இன்றைய பியானோவில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சமமான அரைச்சுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அடுத்தடுத்த இரு கட்டைகளின் அதிர்வெண் விகிதம் ஏறத்தாழ 1.0595, அதே விகிதத்தில் பன்னிரண்டு படிகள் ஏறினால் அதிர்வெண் இரட்டிப்பாகி, 440 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் 'ஏ' என்ற சுரம் 880 ஹெர்ட்ஸில் மீண்டும் 'ஏ'யாக வந்து சேரும். இந்தப் பன்னிரண்டிலிருந்து ஏழை மட்டும் எடுத்து, முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை என்ற இடைவெளிகளில் (முழு என்பது இரண்டு அரைச்சுரம்) அடுக்கினால் மேஜர் ஸ்கேல் கிடைக்கிறது. நமக்கு அது சங்கராபரணத்தின் சுரவரிசை. பியானோவில் 'சி'யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை மட்டும் (சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி) வரிசையாக வாசிப்பதும் அதுவே; 'சி'யில் தொடங்குவதால் அது சி மேஜர். இத்தகைய ஏழு சுரங்களுக்குள் நின்று இசையமைப்பது டயட்டோனிக் முறை. எஞ்சிய ஐந்தையும் உள்ளே கொண்டுவருவது குரோமாட்டிக் முறை.

ஏழு சுரங்களின் வலிமை அவற்றின் சமச்சீரின்மையில்தான் இருக்கிறது. அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 21 இணைகள் வரும். ஸ்தாயி வேறுபாட்டைக் கருதாமல் எண்ணினால், ஐந்து அரைச்சுரத் தொலைவில் உள்ளவை 6, இரண்டு அரைச்சுரத் தொலைவில் 5, மூன்றில் 4, நான்கில் 3, ஓர் அரைச்சுரத்தில் 2, ஆறில் ஒன்றே ஒன்று. எந்த இரண்டு இடைவெளிகளும் ஒரே எண்ணிக்கையில் வருவதில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி. ஒருமுறை மட்டுமே வரும் அந்த ஆறு அரைச்சுர இடைவெளிக்கு டிரைடோன் என்று பெயர். சி மேஜரில் அது 'எஃப்', 'பி' என்ற இரண்டுக்கும் இடையில் அமைகிறது. அவை சேர்ந்து ஒலிக்கும்போது 'பி' அரைச்சுரம் ஏறி 'சி'யையும், 'எஃப்' அரைச்சுரம் இறங்கி 'இ'யையும் அடையத் துடிக்கின்றன. ஜி, பி, டி, எஃப் ஆகியவை சேர்ந்த கார்டுக்கு (chord, பல சுரங்கள் ஒருசேர ஒலிப்பது) பின் 'சி' கார்டு வந்தால் வாக்கியம் முற்றுப்பெற்ற நிறைவு கிடைப்பது இதனால்தான்.

பன்னிரண்டு சுரங்களையும் சமமாக வைத்துக்கொண்டால் இந்த அடையாளம் மறைந்துவிடும். எந்தச் சுரத்திலிருந்து பார்த்தாலும் சுற்றுப்புறம் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே குரோமாட்டிக் சுரம் தன் பொருளை டயட்டோனிக் பின்னணியிலிருந்தே பெறுகிறது. சி மேஜரில் செல்லும் இசையில் 'எஃப்' இருக்க வேண்டிய இடத்தில் அதைவிட அரைச்சுரம் உயர்ந்த 'எஃப் ஷார்ப்' வந்தால், அது 'ஜி'யை நோக்கி இழுக்கிறது. சற்று நேரத்துக்கு 'ஜி'யே ஆதாரமாகிவிடுகிறது. வேறு ஸ்கேலுக்கு நகரும் வழி இதுவே.

ஆனால் இதே கருவிகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. டிரைடோன் ஸ்தாயியைச் சரிபாதியாகப் பிளப்பதால், 'எஃப்', 'பி' இணை சி மேஜருக்கு மட்டுமன்றி, அதற்கு மிகத் தொலைவிலுள்ள, 'ஜி'யைவிட அரைச்சுரம் தாழ்ந்த சுரத்தில் தொடங்கும் ஜி ஃப்ளாட் மேஜருக்கும் உரியது. மூன்று மூன்று அரைச்சுர இடைவெளியில் நான்கு சுரங்களை அடுக்கிய டிமினிஷ்ட் கார்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது: அதன் நான்கு சுரங்களில் எதையும் அடுத்த ஆதாரத்துக்கு இட்டுச்செல்லும் சுரமாகக் கொள்ளலாம். நாற்சந்தியில் நிற்பதுபோல, அங்கிருந்து எந்தத் திசையிலும் திரும்ப முடியும். 19ஆம் நூற்றாண்டின் இசையமைப்பாளர்கள் இந்த இருபொருள் தன்மையை மேலும் மேலும் பயன்படுத்தினார்கள்.

அதன் உச்சம் 1865இல் மியூனிக்கில் அரங்கேறிய, ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் 'டிரிஸ்டன் உண்ட் இசோல்டே' ஓபரா. முகப்பிசையில் செல்லோக்களின் சிறு பகுதிக்குப் பின் எஃப், பி, டி ஷார்ப், ஜி ஷார்ப் என்ற கார்டு எழுகிறது. ஓபோ என்ற குழல் 'ஜி ஷார்ப்'பிலிருந்து அரைச்சுரம் அரைச்சுரமாக 'பி' வரை ஏற, அடியில் 'எஃப்' 'இ'யாக இறங்குகிறது. வந்து சேர்ந்த இடம் 'இ செவன்த்' கார்டு; முன்பு கண்ட ஜி, பி, டி, எஃப் கார்டின் அதே அமைப்பு, 'இ'யின் மேல். பழகிய காது அடுத்து 'ஏ'யை ஆதாரமாகக் கொண்ட ஏ மைனர் கார்டை எதிர்பார்க்கிறது. அது வருவதில்லை, அதற்குப் பதில் மௌனம். அதே சொற்றொடர் மேலேறி 'ஜி செவன்த்'திலும், பிறகு 'பி செவன்த்'திலும் நின்றுவிடுகிறது. முதல் கார்டின் தவிப்பு, ஓபராவின் கடைசிப் பக்கத்தில் பி மேஜரில்தான் அடங்குகிறது. இவ்வளவு நீண்ட காத்திருப்பு நம்மை வாட்டுவதற்குக் காரணம், ஒவ்வொரு கார்டும் எங்கே போக வேண்டும் என்பதைக் காது டயட்டோனிக் மரபிலிருந்து அறிந்திருப்பதே. வாக்னர் அந்த மரபை அழித்துவிட்டார் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. அவர் அதை எல்லைவரை நம்பினார்.

எல்லையைத் தாண்டியவர் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷோன்பெர்க். 1921 முதல் 1923 வரை அவர் எழுதிய ஓபஸ் 25 பியானோ தொகுப்பு முழுவதும், பன்னிரண்டு சுரங்களையும் தலா ஒருமுறை கொண்ட ஒரே வரிசையிலிருந்தும் அதன் மாற்று வடிவங்களிலிருந்தும் பிறக்கிறது. எந்தச் சுரமும் ஆதாரமாக நிற்காத அந்த இசையில், முன்பு ஏழு சுரங்களின் சமச்சீரின்மை தானாகவே தந்த ஒழுங்கை, ஒவ்வொரு படைப்புக்கும் புதிதாக ஒரு வரிசையை வகுத்தே அவர் பெற வேண்டியிருந்தது.