சிட்டி பாப்: சொல் விளக்கம்

1970களின் பிற்பகுதியில் உருவாகி 1980களில் ஜப்பானில், அதிலும் டோக்கியோவில், செழித்த பாடல் வகை. ஃபங்க், சோல், டிஸ்கோ, ஜாஸ் என அமெரிக்காவிலிருந்து வந்த தாளங்களின் மேல் ஜப்பானிய மொழிப் பாட்டு. துள்ளும் பேஸ் கிட்டார், பித்தளைக் குழல்கள், எலெக்ட்ரிக் பியானோ ஆகியவை இதன் அடையாளம்.

ஜப்பானியர் வாயில் இது 'ஷிட்டி பொப்பு'. நகரத்துக்கு 'மச்சி', 'தோஷி' என்ற சொற்கள் அவர்களிடம் உண்டு. இந்த இசையின் முன்னோடிகளான ஹாப்பி எண்ட் குழுவினர் 1971இல் வெளியிட்ட 'கஸெமச்சி ரோமன்' தொகுப்பின் பெயரிலும் 'மச்சி'தான் இருக்கிறது. பாடலாசிரியர் தகாஷி மட்சுமோட்டோ அதில் கற்பனை செய்த ஊர், 1964 ஒலிம்பிக்குக்காக உருமாறுவதற்கு முந்தைய டோக்கியோ. அடுத்து வந்தவர்களுக்கு இழந்த தெருக்கள் தேவைப்படவில்லை. பணம் புழங்கும் புது நகரம் தேவைப்பட்டது. அதற்கு ஆங்கிலச் சொல்லே பொருத்தமாகப் பட்டது. முதலில் 'சிட்டி மியூசிக்' என்றார்கள், பிறகு 'சிட்டி பாப்'. அன்று அது பெரும்பாலும் விளம்பரச் சொல். தனி இசைவகையின் பெயராக உறுதிப்பட்டது மிகவும் பிந்தித்தான்.

1975இல் 'சாங்ஸ்' தொகுப்பை வெளியிட்ட சுகர் பேப் குழுவிலிருந்து இந்த இசையின் முக்கியப் பாடகர்களான தட்சுரோ யமஷிதாவும் தாயேகோ ஒனுகியும் வந்தார்கள். 1979இல் கையடக்கக் கேசட் கருவியான வாக்மேன் வந்தது. கார்களிலும் கேசட் பெருகியது. நடந்துகொண்டும் ஓட்டிக்கொண்டும் கேட்கும் இசையாயிற்று. ஆனால் பாடகர் எய்ச்சி ஓதாகியின் 'எ லாங் வெக்கேஷன்' (1981) உறையில் ஹிரோஷி நகாய் வரைந்த ஓவியத்தைப் பாருங்கள்: நீச்சல் குளம், பனை மரம், நீல வானம். டோக்கியோவே இல்லை! பெயரில் நகரம் இருந்தாலும் பாட்டில் இருப்பது நகரவாசியின் விடுமுறைக் கனவு. இந்தச் சொல்லின் உயிர் அங்கேதான் என்பது என் எண்ணம்.

1990களின் தொடக்கத்தில் நிலமும் பங்குகளும் அளவுக்கு மீறி விலையேறியிருந்த ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்தது, இசையும் பழசாயிற்று. பல ஆண்டுகள் கழித்து இணையம் அதை மீட்டது. பாடகி மரியா தகேயுச்சியின் 'பிளாஸ்டிக் லவ்' 1984இல் வந்தபோது பெரிய வெற்றி அல்ல; 2017இல் ரசிகர் ஒருவர் யூடியூபில் ஏற்றிய பிறகு கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். பாடகி மிகி மட்சுபாராவின் 1979ஆம் ஆண்டுப் பாடல் 'மயோனகா நோ டோர்' 2020இல் டிக்டாக் வழியே உலகைச் சுற்றியது. அவர் 2004இலேயே இறந்துவிட்டார். அதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. 2022இல் கனடியப் பாடகர் தி வீக்கெண்ட் தன் பாடலொன்றில் ஜப்பானியப் பாடகி தொமோகோ அரானின் 1983ஆம் ஆண்டு இசையை எடுத்தாண்டார். புதிதாகக் கேட்பவர்களில் பலர் அந்தக் காலத்தில் பிறக்காதவர்கள், ஜப்பானுக்குப் போகாதவர்கள். தாம் வாழாத காலத்துக்காக ஏங்குகிறார்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'நகர்ப்புற இசை' என்றால் ராப் உட்பட எல்லாம் அடங்கிவிடும். பாப் இசைக்குத் தமிழில் வழங்கும் 'துள்ளிசை'யில் தாளம் கிடைக்கிறது, ஏக்கம் கிடைக்கவில்லை. 'மாநகர மெல்லிசை' என்பதே என் தேர்வு. மெல்லிசை என்றதும் நமக்கு வயலின் வரிசையும் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்த பெரிய வாத்தியக் குழு நினைவுக்கு வரும். சிட்டி பாப்பும் அப்படித் தேர்ந்த கலைஞர்கள் ஸ்டுடியோவில் கூடி வாசித்த இசைதான். கட்டுரையில் முதல் முறை 'சிட்டி பாப்' என்று அறிமுகம் செய்துவிட்டு, அடுத்தடுத்து 'மாநகர மெல்லிசை' என்று எழுதலாம்.