சொல் விளக்கம்: ‘ஒப்பீனியன் போல்’ எண்ணுவது யாருடைய தலைகளை?

நாம் கருத்துக்கணிப்பு என்று சொல்வதைத்தான் ஆங்கிலத்தில் ‘ஒப்பீனியன் போல்’ என்கிறார்கள். அதில் உள்ள ‘போல்’ என்ற சொல்லின் முதற்பொருள் தலை. வாக்கு, தேர்தல், கருத்து எல்லாம் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை. தமிழ் எழுத்தில் எழுதும்போது அது உவம உருபு வேடம் போட்டுக்கொள்கிறது. அதனால் இக்கட்டுரை முழுக்க மேற்கோள் குறிக்குள் அடைத்தே வைக்கிறேன்.

இடைக்கால டச்சு, கீழ்ஜெர்மன் பேச்சுவழக்குகளில் உச்சந்தலையைக் குறித்த சொல் அது. ஆங்கிலத்துக்குள் வந்தபின் தலையையும் தலைமுடியையும் குறித்தது. அந்தப் பழம்பொருள் இன்னும் முழுதாகச் செத்துவிடவில்லை. கொம்பில்லாத மொட்டைத்தலை மாட்டினங்களை ஆங்கிலேயர் இன்றும் இச்சொல்லைக் கொண்டே அழைக்கிறார்கள். உச்சியை வெட்டித் தழையவிட்ட மரத்துக்கு ‘போலார்ட்’ என்று பெயர். பெயர் மாற்றிக்கொள்ள பிரிட்டனில் எழுதும் பத்திரமான ‘டீட் போல்’ இன்னும் சுவையானது. இருதரப்பு ஒப்பந்தத்தை ஒரே தாளில் இரண்டு படியாக எழுதி, நடுவே வளைந்து வளைந்து வெட்டிப் பிரிப்பது அக்கால வழக்கம். பின்னாளில் இரண்டையும் பொருத்திப் பார்த்தால் போலி தெரிந்துவிடும். ஒருவர் மட்டுமே எழுதித்தரும் பத்திரத்துக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டியதில்லை. ஆகவே ஓரத்தை நேராக, மொட்டையாக வெட்டினார்கள். அதுதான் ‘போல்’ செய்த பத்திரம். தவளைக் குஞ்சைக் குறிக்கும் ‘டாட்போல்’ என்ற சொல்லிலும் தேரை பாதி, தலை பாதி. நாமும் அதைத் தலைப்பிரட்டை என்றுதான் சொல்கிறோம். பார்த்தவுடன் தலைதானே தெரிகிறது.

தலையிலிருந்து தலையெண்ணிக்கைக்குப் போவது ஒரே எட்டு. அரசாங்கம் எண்ணத் தொடங்கினால் வரி போடத்தான் எண்ணும். இங்கிலாந்தில் 1377இல் தலைக்கு நான்கு பென்னி என்று ஒரு வரி வந்தது. 1380இல் அது ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்னி ஆனது. பணக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே தொகை என்பதால் மறு ஆண்டே உழவர்கள் கிளர்ந்தெழுந்து லண்டனுக்குள் புகுந்தார்கள். இந்த ‘போல் டாக்ஸ்’ என்பதற்குத் தலைவரி என்ற தமிழ்ச் சொல் அச்சு அசலாகப் பொருந்துகிறது. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினர் அந்தப் பெயரிலேயே வரி கட்டிய வரலாற்றை நாம் படித்திருக்கிறோம். ஆனால் கோயில் திருவிழாவுக்கு ஊரில் வசூலிக்கும் தலைக்கட்டு வரி வேறு. அது குடும்பத்துக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று அன்று. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

இந்தத் தலைவரி ஒரு பிரிட்டிஷ் பிரதமரின் வீழ்ச்சியிலும் பங்கு பெற்றது. அதுவரை வீட்டின் மதிப்பைப் பார்த்து உள்ளாட்சி வரி விதித்துவந்தார்கள். மார்கரெட் தாட்சர் அதை மாற்றி, வயதுவந்த ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று வைத்தார். ஸ்காட்லாந்தில் 1989இலும் இங்கிலாந்து, வேல்ஸில் 1990இலும் அது நடைமுறைக்கு வந்தது. அரசு சூட்டிய பெயர் ‘சமூகக் கட்டணம்’. மக்கள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ‘போல் டாக்ஸ்’ என்ற பழைய பெயரையே எடுத்துச் சூட்டினார்கள். 1990 மார்ச் 31 அன்று டிராஃபல்கர் சதுக்கத்தில் கலவரம் வெடித்தது. நவம்பரில் தாட்சரின் கன்சர்வேட்டிவ் கட்சியைச் சேர்ந்த மைக்கேல் ஹெசல்டைன், அவரை எதிர்த்துக் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டார். ஐரோப்பா பற்றிய பிணக்கும், துணைப் பிரதமராக இருந்த ஜெஃப்ரி ஹவ் பதவி விலகி நாடாளுமன்றத்தில் நிகழ்த்திய உரையும் உடனடிக் காரணங்கள். ஆனால் தலைவரியால் தொகுதியில் தலைகாட்ட முடியாமல் தவித்த கன்சர்வேட்டிவ் உறுப்பினர்களும் ஏராளம்.

வாக்கு எண்ணியபோது தாட்சருக்கு 204, ஹெசல்டைனுக்கு 152. வென்றார் என்றுதானே நினைப்போம்? கட்சி விதி வேறு. முதல் சுற்றிலேயே முடிய வேண்டுமானால், வாக்குரிமை உள்ள 372 பேரில் 15 சதவீத அளவுக்கு வித்தியாசம் இருக்க வேண்டும். நான்கு வாக்கு குறைந்தது. இரண்டே நாளில் விலகுவதாக அறிவித்தார். அந்த நாட்களில் பத்திரிகைகளில் வந்த ‘போல்’கள், ஹெசல்டைன் தலைவரானால் கட்சி, எதிர்க்கட்சியான லேபரை முந்தும் என்று சொல்லிக்கொண்டிருந்தன. வாக்குரிமை இருந்தது 372 பேருக்குத்தான். ஆனால் அவர்கள் கண்முன் நின்றது, அந்த அறையில் வாக்கே இல்லாத கோடிக்கணக்கானவர்களின் கருத்து.

இங்கேதான் சொல்லின் இரண்டாம் வாழ்வு தொடங்குகிறது. தலைகளை எண்ணுவது தேர்தலுக்குப் பெயரானது. பிறகு, தேர்தல் நடக்காதபோதும் சில தலைகளைக் கேட்டு மற்றவற்றை அறிவதற்கு அதுவே பெயரானது. அமெரிக்காவில் 1936 அதிபர் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற இதழ் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளைத் திரும்பப் பெற்று, ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. மிகக் குறைவான பேரைக் கேட்ட ஜார்ஜ் கேலப், அவர் வெல்வார் என்றார். வென்றார். எத்தனை தலைகள் என்பதைவிட எந்தத் தலைகள் என்பதே முக்கியம் என்று இத்தொழில் கற்ற பாடம் அது. அடுத்த ஆண்டே கேலப்பின் முறை பிரிட்டனுக்கு வந்தது. ஹென்றி டுரான்ட் அதை அங்கே நடத்தினார். 1945இல் போரை வென்றுதந்த சர்ச்சில் தோற்கப்போகிறார் என்று அவருடைய எண்கள் காட்டின. எவரும் நம்பவில்லை. எண்கள்தான் வென்றன.

பொதுத் தேர்தலில் கேட்கப்படுகிறவரும் வாக்களிக்கப்போகிறவரும் ஒருவரே. கட்சித் தலைமைப் போட்டியில் அப்படி இல்லை. பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சியில் 1965 வரை தலைவருக்குத் தேர்தலே கிடையாது. மூத்தவர்கள் தமக்குள் பேசி முடிப்பார்கள், தலைவர் ‘வெளிப்படுவார்’. 1965இல்தான் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வாக்களித்து எட்வர்ட் ஹீத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வில்லியம் ஹேக் தலைவராக இருந்தபோது விதி மீண்டும் மாறியது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் சுற்றுச் சுற்றாக வாக்களித்து இருவரை மிச்சம் வைப்பார்கள். அந்த இருவரில் ஒருவரைக் கட்சிக்குச் சந்தா கட்டியவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஆக, எண்ணக்கூடிய தலைகள் மூன்று வகை: அவை உறுப்பினர் (கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்), கட்சி உறுப்பினர், பொதுமக்கள். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே ‘போல்’.

இந்த விதியின் முதல் போட்டியே வினையைக் காட்டிவிட்டது. 2001இல் பொதுமக்களிடம் செல்வாக்கு மிகுந்தவர் கென்னத் கிளார்க். அவை உறுப்பினர்களின் கடைசிச் சுற்றிலும் 59 வாக்குடன் அவரே முதலிடம். இயன் டங்கன் ஸ்மித்துக்கு 54. மைக்கேல் போர்ட்டிலோ 53 பெற்று, ஒரே வாக்கில் வெளியேறினார். கட்சிக்காரர்களிடம் போனபோது டங்கன் ஸ்மித் 1,55,933, கிளார்க் 1,00,864. இரண்டே ஆண்டில், எந்த மக்களிடம் எடுபடவில்லையோ அவர்களைக் காரணம் காட்டியே அவை உறுப்பினர்கள் டங்கன் ஸ்மித்தை இறக்கினார்கள்.

2022 கோடையை இன்னும் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பிரதமர் போரிஸ் ஜான்சன் விலகலை அறிவித்ததும் எட்டுப் பேர் வாக்குச்சீட்டில் இடம்பெற்றார்கள். அவர்களில் ஒருவர் நதீம் சகாவி. ‘யூகவ்’ என்ற கருத்தறி நிறுவனத்தை 2000இல் தொடங்கிய இருவரில் அவரும் ஒருவர். நாட்டின் கருத்தைக் கேட்டே தொழில் வளர்த்தவருக்கு முதல் சுற்றில் விழுந்தது 25 வாக்கு. தேவை 30. அதே யூகவ் ஜூலையில் கட்சி உறுப்பினர்களைக் கேட்டபோது, பென்னி மோர்டன்ட் யாருடன் மோதினாலும் வெல்வார் என்று வந்தது. அவரோ கடைசி இருவருக்குள் வரவே இல்லை. அவை உறுப்பினர் வாக்கு ரிஷி சுனக் 137, லிஸ் டிரஸ் 113, மோர்டன்ட் 105. கட்சிக்காரர்களிடம் போனதும் வரிசை தலைகீழாகி, டிரஸ் 81,326, சுனக் 60,399. ஆகஸ்ட் தொடக்கத்தில் வந்த ஒரு ‘போல்’ இடைவெளி முப்பது புள்ளிக்கு மேல் என்றது. முடிவில் அது பதினைந்தாகச் சுருங்கியிருந்தது. யார் வெல்வார் என்பதைச் சரியாகச் சொன்ன எண், எவ்வளவில் என்பதில் ஏமாற்றிவிட்டது. செப்டம்பர் முடிவதற்குள், நாட்டு மக்களைக் கேட்ட யூகவ் எண்ணில் லேபர் 33 புள்ளி மேலே போயிருந்தது. அக்டோபர் 20 அன்று டிரஸ் விலகலை அறிவித்தார்.

இப்போது தமிழுக்கு வருகிறேன். நம் செய்தித்தாள்களில் நிலைத்துவிட்ட சொல் கருத்துக்கணிப்பு. அதைத் தூக்கி எறியச் சொல்லப்போவதில்லை. எல்லாருக்கும் புரிகிறது, ஓசையும் நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் உள்ள கணிப்பு என்ற பாதி ‘போல்’ செய்யாத ஒரு வேலையைத் தலையில் ஏற்றிக்கொள்கிறது. கணித்தல் வெறும் எண்ணுதல் அன்று. ஜாதகத்தைக் கணிக்கிறோம், மழையைக் கணிக்கிறோம். கணியன் என்றால் காலம் பார்த்து வரப்போவதைச் சொல்பவன். ஆகவே ‘கருத்துக்கணிப்பில் இன்னார் முன்னிலை’ என்று தலைப்பு வந்தால், நம் வாசகர் அதைக் குறியாகவே எடுத்துக்கொள்கிறார். முடிவு மாறினால் ‘கணிப்பு பொய்த்தது’ என்று அடுத்த தலைப்பு வருகிறது. ஜூலையில் மோர்டன்ட்டைப் பிடிக்கிறது என்று கட்சிக்காரர்கள் சொன்னது பொய்யில்லை. அவர்கள் முன்னால் அவர் பெயர் வைக்கப்படவே இல்லை, அவ்வளவுதான்.

கணக்கெடுப்பு, வாக்கெடுப்பு என்று நம்மிடம் ஏற்கனவே ஒரு வார்ப்பு இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றால் எவருக்கும் ஐயமில்லை. நம்பிக்கை வாக்கெடுப்பு என்று சட்டமன்றச் செய்தியில் எழுதுகிறோம். இலங்கைத் தமிழில் நாடு முழுவதையும் கேட்பதற்குச் சர்வஜன வாக்கெடுப்பு என்ற சொல் உண்டு. இதே வார்ப்பில் கருத்தெடுப்பு என்றால் போதும். இருக்கிற கருத்தை எடுப்பது, வரப்போவதைச் சொல்வது அன்று. கருத்தாய்வு என்று சிலர் எழுதுகிறார்கள். அது ஆராய்ச்சிக் கட்டுரை வாசனை அடிக்கிறது, ‘சர்வே’ என்பதற்கு அதை விட்டுவைக்கலாம். கணிப்பு என்ற சொல்லையும் வீணாக்க வேண்டாம். கருத்தெடுப்பின் எண்களை வைத்து எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்று தொகுதி தொகுதியாகக் கணக்குப் போட்டுச் சொல்கிறார்களே, அது உண்மையிலேயே கணிப்பு. அதற்குத் தொகுதிக் கணிப்பு என்று பெயர் வைத்தால் இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கும்.

ஒருவர் கேட்கலாம்: தலை எங்கே போயிற்று? கருத்தெடுப்பில் அது இல்லைதான். ஆனால் ஆங்கிலத்தில் தலைவரைக் குறிக்கும் சொல்லில் தலை கிடையாது. முன்னே நடந்து வழிகாட்டுபவர் என்பதே அதன் பொருள். நமக்குத் தலைமை, தலைவர் இரண்டிலும் தலை உட்கார்ந்திருக்கிறது. அதோடு எண்ணுதல் என்ற ஒரே வினை நம்மிடம் பணத்தையும் எண்ணும், மனத்துக்குள்ளும் எண்ணும். எண்ணமும் எண்ணிக்கையும் ஒரே வேரில் கிளைத்தவை. ‘ஒப்பீனியன்’ ஒன்று, ‘போல்’ ஒன்று என்று ஆங்கிலம் லத்தீனிலும் டச்சிலும் கடன் வாங்கிச் சேர்த்ததை, நம் வினைச்சொல் தனியாகவே சுமந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் எண்ணெடுப்பு என்று புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டாம். தொலைபேசி எண்ணைக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

தலைமைப் போட்டியைப் பற்றி எழுதும்போது சொல்லைவிட அதன் முன்னொட்டே என் பிடிவாதம். அவை உறுப்பினர் வாக்கெடுப்பு, கட்சி உறுப்பினர் கருத்தெடுப்பு, பொதுமக்கள் கருத்தெடுப்பு என்று தலைகள் யாருடையவை என்பது முதலில் வர வேண்டும். எத்தனை பேர், எந்தத் தேதி என்பது அடுத்த வரியில் வரட்டும். சீராகத் தேர்ந்த ஆயிரம் பேரைக் கேட்டாலும் மேலும் கீழும் மூன்று சதவீதப் புள்ளி ஆடும் என்பதால், இரண்டு புள்ளி வித்தியாசத்துக்கு ‘முன்னிலை’ என்று எழுதாமல் ‘ஏறத்தாழச் சமம்’ என்று எழுதலாம். முன்னிலை என்பது எண்ணத் தொடங்கிய வாக்குப்பெட்டிக்கு உரிய சொல்.

2024 அக்டோபரில் இதே கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைமைப் போட்டியில் நடந்ததைத் தமிழில் எழுத நேர்ந்தால் இந்த முன்னொட்டின் பயன் தெரியும். அக்டோபர் 8 அன்று அவை உறுப்பினர் வாக்கெடுப்பில் ஜேம்ஸ் கிளெவர்லி 39, ராபர்ட் ஜென்ரிக் 31, கெமி பேடனாக் 30. மறுநாள் பேடனாக் 42, ஜென்ரிக் 41, கிளெவர்லி 37. ஒரே இரவில் முதலிடத்தவர் வெளியே, மூன்றாம் இடத்தில் இருந்தவர் மேலே. கட்சி உறுப்பினர் வாக்கெடுப்பில் பேடனாக் 53,806, ஜென்ரிக் 41,388. நவம்பர் 2 அன்று பேடனாக் தலைவரானார். பொதுமக்களுக்கு இந்த எந்தச் சுற்றிலும் வாக்கு கிடையாது.