மாலை போடுங்க, கயிறு கட்டுங்க, ஆனா முதல்ல டாக்டர பாருங்க

கார்த்திகை மாசம் வந்தாலே எனக்கு கவலையா இருக்கும். சென்னையில குடிநோய் சிகிச்சை வார்டுல கவுன்சிலரா இருக்கேன், திருத்தணி, உத்திரமேரூர், மதுராந்தகம் பக்கத்துல இருந்தெல்லாம் ஆளுங்கள தூக்கிட்டு வருவாங்க, கேட்டா "மாலை போட்டாரு மேடம், ரெண்டு நாளா ஒரு சொட்டு தொடல, திடீர்னு வெட்டி இழுத்துடுச்சு"ம்பாங்க. கோயில்ல கயிறு கட்டிட்டு வந்தவங்களுக்கும் இதேதான்.

சாமி மேல வச்ச நம்பிக்கைய நான் குறை சொல்லவே மாட்டேன், குடிய விடுறதுக்கு அது பெரிய பலம். ஆனா வருஷக்கணக்கா தினமும் குவார்ட்டர், ஆஃப்னு குடிச்ச உடம்புல இருந்து சரக்க சட்டுனு நிறுத்துனா முதல் நாளே கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் வராது, சிலருக்கு ரெண்டு நாளுக்குள்ள ஃபிட்ஸ் வரும், ரெண்டுல இருந்து நாலாவது நாளுக்குள்ள சிலர் ஆள் அடையாளம் தெரியாம பேசுவாங்க, செவுத்துல பூச்சி ஊருதும்பாங்க. இது காத்து கருப்பு இல்லங்க. மந்திரிக்க கூட்டிட்டுப் போறதும் கட்டில்ல கட்டிப் போடுறதுமா நேரம் போச்சுன்னா உயிரே போயிடலாம்.

இதுக்கு சென்னைக்குத்தான் வரணும்னு இல்ல. நடுக்கம், ஃபிட்ஸ அடக்குற டயசிபாம், லோராசிபாம் மாதிரி மருந்த கொடுத்து சில நாள்ல அதோட அளவ படிப்படியா குறைப்பாங்க, கூடவே தயமின் ஊசி, அதாவது வைட்டமின் பி1. பக்கத்து தாலுகா ஆஸ்பத்திரியிலயே பல பேருக்கு இத பண்ண முடியும், ஃபிட்ஸ் வந்தவங்க, புத்தி தடுமாறுறவங்க, மஞ்சக்காமாலை இருக்கிறவங்கள மட்டும் பெரிய ஜி.ஹெச்.சுக்கு அனுப்புவாங்க. சோர்வா இருக்காருன்னு கிளினிக்ல "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க"ன்னு கேக்குறீங்க பாருங்க, தயமின் போடாம வெறும் குளுக்கோஸ் ஏத்துனா மூளை பாதிக்கலாம், அதனால அவர் குடிக்கிறவர்னு மறைக்காம சொல்லுங்க.

இன்னொண்ணு, அம்மா, அக்காமாருங்க கிட்ட கெஞ்சி கேக்குறேன், குடிய நிறுத்துறதுக்குக் கொடுக்குற டைசல்ஃபிராம் மாத்திரைய அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலக்காதீங்க. அது மேல குடிச்சா பிரஷர் இறங்கி நெஞ்சு படபடத்து ஆபத்தாயிடும், அவர் சம்மதத்தோட டாக்டர் சொன்னா மட்டும்தான் அந்த மாத்திரை.

யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியலன்னா போதை மீட்பு உதவி எண் 14446, இல்ல மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, ரெண்டும் இலவசம். ஆஸ்பத்திரிக்குப் போறப்போ கடைசியா எப்போ குடிச்சாரு, தினமும் எவ்வளவு, முன்னாடி ஃபிட்ஸ் வந்திருக்கா, வேற என்ன மாத்திரை போடுறாருன்னு ஒரு சீட்டுல எழுதி எடுத்துட்டுப் போங்க.