எரர் என்றால் தவறா?

"ஏதோ தவறு நடந்துவிட்டது." மின்கட்டணம் கட்டப் போனாலும் இதுதான், ரயில் டிக்கெட் எடுக்கப் போனாலும் இதுதான். பழைய குடும்பப் படத்தில் கதாநாயகி முந்தானையைத் திருகிக்கொண்டு சொல்ல வேண்டிய வசனத்தை ஒரு செயலி சொல்லிக்கொண்டிருக்கிறது. எங்கள் பெரியம்மா இதைப் படித்துவிட்டு, "நான் ஒண்ணும் தப்பா அமுக்கலையேடா!" என்று பதறிப்போய் போனை என்னிடம் நீட்டினார். தமிழ் தெரிந்தவர் யாராக இருந்தாலும் அப்படித்தான் பதறுவார். சர்வர் படுத்துக்கொண்டதற்கு அவர் ஏன் வாக்குமூலம் கொடுக்க வேண்டும்?

கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் எரர், மிஸ்டேக், ஃபால்ட், ராங் என்று தனித்தனியாக இருப்பதையெல்லாம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே 'தவறு' என்னும் பைக்குள் திணிக்கிறார்கள்.

வேர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எரர், இலத்தீன் 'எர்ராரே'யிலிருந்து வந்தது. அலைதல், வழிவிட்டு விலகுதல் என்று பொருள். மிஸ்டேக் பழைய நார்ஸ் மொழிச் சொல். ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வது. ஃபால்ட் ஏமாற்றுதல், பொய்த்தல் என்னும் இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ராங் என்றால் முதலில் முறுக்கியது, கோணலானது. நாம் நேரான கோலைச் செங்கோல் என்றும் வளைந்ததைக் கொடுங்கோல் என்றும் சொல்வதும் இதே கணக்குதான்.

இனி நம் சொற்கள். 'பிழை' என்பதற்குக் குறி தப்புதல் என்றும் பொருள் உண்டு. "கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது" என்கிறது குறள். யானை பிழைத்த வேல் என்றால் யானைமேல் படாமல் போன வேல். எறிந்தவன் குற்றவாளி அல்லன். சொல்லப்போனால் வள்ளுவர் அவனைத்தான் பாராட்டுகிறார். வேல் போக வேண்டிய இடத்துக்கும் போன இடத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி, அவ்வளவுதான். எரர் என்பதும் அதேதான்.

'தவறு' அப்படியில்லை. அதுவும் குறளில் இருக்கிறது: "அளித்தஞ்சல் என்றவர் நீப்பின் தெளித்தசொல் தேறியார்க்கு உண்டோ தவறு." அஞ்சாதே என்று சொன்னவனே விட்டுப் போனால், அந்தச் சொல்லை நம்பியவள்மேல் என்ன தவறு என்று கேட்கிறாள் தலைவி. இங்கே நடப்பது விசாரணை. யார்மேல் பழி என்பதுதான் கேள்வி. தவறு என்னும் பெயர்ச்சொல் வந்தாலே கூடவே ஓர் ஆளும் வந்து கூண்டில் ஏறிக்கொள்கிறார்.

எழுத்துப்பிழை, சந்திப்பிழை, அச்சுப்பிழை என்றெல்லாம் சொல்கிறோம். 'சந்தித் தவறு' என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? பள்ளி ஆய்வகத்து வெர்னியர் அளவியை எடுத்துக்கொள்ளுங்கள். தாடைகளை ஒட்ட மூடினால் இரண்டு அளவுகோல்களின் சுழியும் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். சில கருவிகளில் வெர்னியரின் சுழி ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளி நிற்கும். அதற்குச் சுழிப்பிழை என்று பெயர். கருவி செய்தவரையும் திட்டமாட்டோம், அளக்கும் மாணவனையும் திட்டமாட்டோம். பிழை எவ்வளவு என்று பார்த்து, அளவிலிருந்து கழித்துவிட்டு வேலையைத் தொடர்வோம். புள்ளியியலில் 'ஸ்டாண்டர்ட் எரர்' எனப்படும் திட்டப் பிழையும் அப்படித்தான். அதைத் 'திட்டத் தவறு' என்று எழுதினால், ஐந்தாண்டுத் திட்டத்தில் ஊழல் என்றுதான் வாசகர் நினைப்பார்.

தவறுக்கு வக்காலத்து வாங்குபவர்களிடம் ஒரு வாதம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. கால் தவறி விழுந்தான், பேருந்தைத் தவறவிட்டேன், கை தவறிக் கொட்டிவிட்டது: இவற்றில் பழி எங்கே இருக்கிறது? வழிவிட்டு விலகுவது என்னும் இலத்தீன் பொருளுக்கு இதுதானே நெருக்கம்? ஆமாம், நெருக்கம்தான். ஆனால் இவை எல்லாமே வினைகள். வினையில் பழி இல்லை. பெயராக மாறியதும் பழி வந்து ஒட்டிக்கொள்கிறது. "கை தவறிடுச்சு" என்றால் மன்னிப்பு கிடைக்கும். "என் தவறு" என்றால் தண்டம் கட்ட வேண்டியதுதான். கல்வி உளவியல் பாடத்தில் 'முயன்று தவறிக் கற்றல்' என்று ஒரு தொடர் உண்டு. உளவியலாளர் தார்ண்டைக் 1898-இல் புதிர்ப்பெட்டிக்குள் பூனைகளை அடைத்து வைத்து, அவை எப்படி வெளியே வரக் கற்றுக்கொள்கின்றன என்று பார்த்தாரே, அதற்கான பெயர். மிக நல்ல தமிழாக்கம். பூனை முயன்றது, தவறியது, மறுபடி முயன்றது. அதை ஆக்கியவர் வினையை எடுத்துக்கொண்டார். 'முயற்சியும் தவறும்' என்று பெயரை வைத்திருந்தால் பூனையையும் கூண்டில் ஏற்றியிருப்பார். (ஏற்கெனவே பெட்டியில்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.)

செயலியில் சொல் மாறினால் பெரியம்மா பதறுவதோடு போகும். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஜெனரல் பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தது. அதில் இருந்த 14 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது, விமானிக்குத் திசை உணர்வு குழம்பியது என்று முப்படை விசாரணைக் குழு சொன்னது. இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, அலட்சியமும் இல்லை என்று அதே குழு தெளிவாகச் சொன்னது. பின்னர் 2024 டிசம்பரில் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையில் காரணம் 'ஹியூமன் எரர்' என்ற வகையில் வந்தது. தமிழில் இதை 'மனிதத் தவறு' என்று எழுதினால், அலட்சியம் இல்லை என்று குழு சொன்ன ஆள்மேலேயே பழியைத் திருப்பிக் கட்டுகிறோம். மனிதப் பிழை என்று எழுதினால் குடி முழுகிவிடுமா? மேகத்துக்குள் கண்ணும் காதும் ஏமாற்றுவது மனித உடலின் இயல்பு.

பிழையில் பழியே கிடையாது என்றும் நான் சாதிக்கவில்லை. "பிழை பொறுத்தருள்" என்று கோயிலில் நிற்கிறோம். ஈழத்தில் சரி பிழை என்பதுதான் அன்றாடப் பேச்சு. "அவனில பிழையில்லை" என்றால் பழி இல்லை என்றுதான் பொருள். அங்கே அந்தச் சொல் இரண்டு வேலையும் செய்கிறது. ஆனால் எழுத்து, கணக்கு, அளவு, கருவி என்று வரும்போது பிழைக்கு அந்தச் சுமை இல்லை. தவறு எங்கே போனாலும் சுமையோடுதான் போகிறது.

எல்லாவற்றுக்கும் பிழையே போதும் என்றும் சொல்லமாட்டேன். இயந்திரம் நின்றால் அது கோளாறு. செய்தித்தாள்கள் பல காலமாகத் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று சரியாகவே எழுதுகின்றன. (திருஞானசம்பந்தர் பாடியது கோளறு பதிகம், கோள்களின் தீங்கை அறுப்பது. கோளாறு பதிகம் அல்ல.) செய்யத் தெரிந்த வேலையில் விரல் நழுவினால் அது கைப்பிசகு, 'ஸ்லிப்' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. நிரல் எழுதுபவர்கள் சொல்லும் 'பக்' என்பதற்கு வழு என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்குப் பிடித்திருக்கிறது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழுவை ஏழாகப் பிரித்து வைத்த மரபு நம்முடையது. அதிலும் வழுவமைதி என்று ஒன்றை வைத்தார்களே, அதுதான் அழகு. பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்றால் திணை வழுதான். ஆனால் அன்பினால் சொன்னது, இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறது இலக்கணம். அது பக் இல்லை, வசதி என்று நிரலாளர்கள் சமாளிக்கிறார்களே, அந்தச் சமாளிப்புக்கு நன்னூலிலேயே பெயர் இருக்கிறது.

சொல்லுக்குப் பஞ்சம் இல்லை. அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டிவிட்டுப் போகும் அவசரம்தான் தொல்லை. பிழை என்று சரியாகப் பிடித்தவர்கள்கூட அடுத்த அடியில் சறுக்குகிறார்கள். பள்ளி இயற்பியலில் 'கிராஸ் எரர்' என்று ஒரு வகை வரும். கவனக்குறைவால் நேரும் பெரிய பிழை. கருவியைச் சரியாகப் பொருத்தாதது, 25 என்ற அளவை 52 என்று குறித்துக்கொள்வது போன்றவை. கிராஸ் என்றதும் மொழிபெயர்ப்பாளருக்கு மொத்த எடை, மொத்த வருமானம் எல்லாம் நினைவுக்கு வந்திருக்கும் போலிருக்கிறது. 'மொத்தப் பிழைகள்' என்று போட்டுவிட்டார். முறையான பிழைகள், ஒழுங்கற்ற பிழைகள், மொத்தப் பிழைகள் என்று மூன்றும் வரிசையாக நிற்கின்றன. முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வரும் என்று எழுதும் மாணவனுக்கு மதிப்பெண் கிடையாது.