தீர்ப்புக்கு முன்பே முடிந்துபோன தண்டனை

வழக்கோடு வருகிற கட்சிக்காரர் உட்கார்ந்ததும் கேட்பது, "எத்தனை வருடம் கிடைக்கும், சார்?" என்பதுதான். நான் முதலில் பார்ப்பது வேறு: அந்தப் பிரிவில் ஜாமீன் உண்டா? ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பர்மியக் கவிஞரின் கதையைச் சொல்வேன்.

2015 அக்டோபரில் மாவுங் சவுங்கா ஃபேஸ்புக்கில் சில வரிகள் எழுதினார். குடியரசுத் தலைவரின் உருவத்தை அந்தரங்க உறுப்பில் பச்சை குத்திக்கொண்ட ஒருவன். மணமான பிறகு அதைக் கண்டு நொறுங்கிப்போகும் மனைவி. அவ்வளவுதான். நல்ல கவிதையா என்றால் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் சுமாரான கவிதைக்கெல்லாம் சிறை என்றால் நம்மில் பாதிப்பேர் உள்ளேதான் இருப்போம்.

மியான்மரில் அவதூறுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணமாக இருந்த நாடு. 2024 வரை நம் இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த அதே 499, 500 அவதூறுப் பிரிவுகள் அங்கும் உண்டு. அதிகபட்சம் இரண்டாண்டு. அவர்மீது பாய்ந்ததோ 2013ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், பிரிவு 66(டி). மிரட்டல், அவதூறு, தொல்லை எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடைத்த பிரிவு. அதிகபட்சம் மூன்றாண்டு. ஜாமீன் கிடையாது. (இணையப் பதிவுக்காகக் கைதுசெய்ய வழிவிட்ட, நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு முதல் தகவல் அறிக்கையில் அந்த எண்ணைப் பார்த்திருக்கிறேன். காவல் நிலையத்துக்கு அழைத்தால், என்ன பிரிவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.)

நவம்பரில் கைதானார். 2016 மே மாதத் தீர்ப்பு: ஆறு மாதச் சிறை. அதற்கும் கூடுதலாகவே விசாரணைக் கைதியாகக் கழித்துவிட்டதால் அன்றே விடுதலை. குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்திருந்தாலும் அந்த ஆறு மாதம் போனது போனதுதான். இதற்கிடையில் குடியரசுத் தலைவர் தெய்ன் செய்ன் மார்ச் இறுதியிலேயே பதவியிலிருந்து இறங்கியிருந்தார். வழக்குதான் இறங்கவில்லை.

2017 திருத்தத்தில் தண்டனை இரண்டாண்டாகக் குறைந்தது, ஜாமீனும் வந்தது. சவுங்கா 2018இல் 'அதான்' என்ற கருத்துரிமை அமைப்பைத் தொடங்கினார். பர்மிய மொழியில் 'குரல்' என்று பொருள். மியான்மரின் ராக்கைன், சின் மாநிலங்களில் இணையத்தை முடக்கியதைக் கண்டித்து 2020இல் யாங்கோன் நடைமேம்பாலத்தில் பதாகை கட்டியதற்காக மறுபடியும் வழக்கு. 30,000 கியாட் அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்தார்.

அது செப்டம்பர் மாதம். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஏப்ரலில் அவர் ராணுவத்தை எதிர்க்கும் பமார் மக்கள் விடுதலைப் படையை (பமார் அந்நாட்டின் பெரும்பான்மை இனம்) தொடங்கி அதன் தளபதியாகிவிட்டார். அபராத ரசீதுக்கும் துப்பாக்கிக்கும் இடையில் ஏழே மாதம்.