மனசு சரி என்கிறது, உடம்பு ஏன் இறுகுகிறது?

சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு தங்கை, டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து கேட்டிருந்தார்: "அக்கா, எனக்கு அது நடந்தது சின்ன வயசுல. இப்போ கணவர் தங்கமானவர், எனக்கும் ஆசை இருக்கு. ஆனா கிட்ட வந்தாலே உடம்பு இறுகி வலிக்குது. மாமியார் ஏதோ பிடிச்சிருக்குன்னு எலுமிச்சம்பழம் சுத்திப் போடச் சொல்றாங்க."

ஒன்றும் பிடிக்கவில்லை, தங்கச்சி. உங்கள் உடம்பு உங்களைக் காவல் காக்கிறது, அவ்வளவுதான்.

பயம் வந்தால் மூளை கட்டளையிட, அட்ரீனல் சுரப்பியிலிருந்து கார்ட்டிசோல் வரும் என்பது பள்ளியிலேயே படித்தது. வளரும் வயதில் திரும்பத் திரும்பப் பயந்த பிள்ளைக்கு இந்த ஏற்பாடே மாறிப்போகலாம், பெரியவளான பிறகும் சட்டென்று கிளம்பும், அல்லது மந்தமாகிவிடும். அதை விடுங்கள், நான் சொல்ல வந்தது இடுப்புத்தளத் தசைகளைப் பற்றி.

முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி கட்டினதுபோல் தொங்கும் தசைகள் இவை. சிறுநீர்ப்பை, கருப்பை, குடல் எல்லாவற்றையும் தாங்குகின்றன. சிறுநீரை அடக்கும்போது நாமே இறுக்குகிறோம், இருமும்போது அதுவாகவே இறுகும். பயத்திலும் அப்படித்தான். 2001இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், இந்த வலி உள்ள பெண்கள், இல்லாத பெண்கள் இரு தரப்புக்கும் படத்துண்டுகளைக் காட்டித் தசைகளின் மின் அசைவை அளந்தார்கள். மிரட்டலான காட்சி வந்ததும் எல்லாருக்கும் இடுப்புத்தளம் இறுகியது, பாலியல் சம்பந்தமே இல்லாத மிரட்டலுக்கும்கூட. அதைவிட எனக்குப் பிடித்தது, கூடவே தோள்பட்டைத் தசையும் இறுகியதுதான்! தோளை உயர்த்திக் குறுகுகிறோமே, அதே தற்காப்புதான் கீழேயும் நடக்கிறது. ஆசைக்கும் வெறுப்புக்கும் இதில் வேலையே இல்லை. சிறு வயதில் தொடுதல் என்றாலே ஆபத்து என்று கற்ற உடம்பு, அன்பான கை வந்தாலும் யோசிக்கும் முன்பே இறுகிவிடும். இறுகினால் வலி, வலித்தால் அடுத்த முறை வலிக்குமோ என்ற பயம், அந்தப் பயத்தில் இன்னும் இறுக்கம்.

சிலருக்கு வலிக்குப் பதிலாக மரத்துப்போகும். 2013இல் கிறிஸ்டின் ஹைம் என்ற ஆய்வாளரின் குழுவினர் 51 பெண்களின் மூளையைப் படமெடுத்தார்கள். சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு, பிறப்புறுப்பின் தொடுவுணர்வை வாங்கும் புறணிப் பகுதி, அதாவது மூளையின் மேலடுக்கில் அந்த இடம், மெல்லியதாக இருந்தது. தாங்க முடியாததைக் குழந்தை உணராமல் இருக்க மூளை கதவைச் சாத்தியிருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். ஒரு முறை மட்டும் எடுத்த படங்கள் என்பதால் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஆண்களுக்கான வயாக்ரா 1998இலேயே கடைக்கு வந்துவிட்டது. பெண்களின் வலிக்கு ஆராய்ச்சிப் பணம் ஒதுக்க மட்டும் ஏன் இத்தனை தயக்கம்? கோபமாக வருகிறது. மாரியம்மனைக் கும்பிடுங்கள், நானும் கும்பிடுகிறேன். ஆனால் அடிபட்ட பெண்ணைப் பேய் பிடித்தவள் என்று சொல்வது இன்னொரு அடி.

"இத்தனை வருஷம் கழிச்சா புகார் சொல்றது?" என்று கேட்பவர்களுக்கு: பாலியல் குற்றங்கள் பலவற்றுக்கு இருந்த 20 ஆண்டு வழக்கு வரம்பு செல்லாது என்று 2018இல் நம் தென்னாப்பிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

கற்ற இறுக்கத்தை மறக்கவும் வைக்கலாம். இடுப்புத்தளத்துக்கென்றே ஃபிசியோதெரபிஸ்டுகள் டர்பனில் இருக்கிறார்கள். தசையைத் தளர்த்துவது எப்படியென்று மூச்சோடு சேர்த்துப் பழக்குவார்கள், கூடவே பழைய காயத்துக்கு மனநல ஆலோசனையும் வேண்டும். மாதக்கணக்கில் ஆகலாம், அவசரப்படாதீர்கள். டாக்டரிடம் முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை, "சின்ன வயசுல எனக்கு ஒரு கொடுமை நடந்தது, தொட்டால் பயப்படுவேன்" என்றால் போதும். முதல் நாளே உள்பரிசோதனை வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம், பாதியில் நிறுத்தச் சொன்னால் அவர் நிறுத்தியாக வேண்டும்.